ராடு நுனியை உருட்டும் கிரைண்டிங் மெஷின்: கடலோரப் பட்டறையில் சில வருஷ அனுபவம்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலை பார்க்கிற பட்டறைகள் பலவற்றில் ராடு நுனியை இன்றும் ஆங்கிள் கிரைண்டரில்தான் உருட்டுகிறார்கள், அதாவது உருண்டையாகத் தேய்க்கிறார்கள். பத்து இருபது ராடுக்கு அது போதும். வள்ளத்துக்குக் கைப்பிடிக் கம்பி, ஜன்னல் கம்பி, துணி காயப்போடுகிற ஸ்டாண்டு என்று ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் ஆர்டர் வந்தால் கை தாங்காது. அதைவிட, கையால் உருட்டிய நுனி ஒன்றுபோல் ஒன்று அமையாது. கண்ணுக்கு உருண்டையாகத் தெரியும், விரலால் தடவினால் பட்டை பட்டையாக நிற்கும். அதனால்தான் இதற்கென்றே ஒரு மெஷின் வாங்கினேன்.

என்னுடையது உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான துணிப் பெல்ட் ஓடுகிற வகை. 200 மில்லிமீட்டர் சக்கரம், நிமிஷத்துக்கு 2,800 சுற்று மோட்டார். கணக்குப் போட்டால் பெல்ட் வினாடிக்கு ஏறக்குறைய 29 மீட்டர் ஓடுகிறது. ராடை இறுக்கிப் பிடிக்கிற வாயான காலெட்டில் மாட்டியதும் ஒரு சின்ன கியர் மோட்டார் அதை மெதுவாகச் சுழற்றும். காலெட் உட்கார்ந்திருக்கிற கை ஒரு முளையில் திரும்பும். ராடு தன்னைத்தானே சுற்ற, கையும் பெல்ட்டுக்கு நேராக இருந்து 90 டிகிரி வரை திரும்ப, இரண்டும் சேர்ந்துதான் அரைக்கோளம் உண்டாகிறது.

மெஷினின் உயிர் அந்த முளையில் இருக்கிறது. 12 மில்லி ராடு என்றால் நுனியிலிருந்து சரியாக 6 மில்லி பின்னால், ராடின் நடு அச்சுக்கு நேர் கீழே முளை வர வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் விலகினால் நுனி கூம்பிவிடும். மறுபக்கம் விலகினால் நடுவில் சின்னதாக ஒரு தட்டை விழும். வாங்கப் போகிறவர்கள் மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் மெஷினோடு வந்த புஷ், அதாவது முளையைச் சுற்றி இருக்கிற உறை, சாதா இரும்பு. கிரைண்டிங் தூள் உள்ளே போய் ஒரு வருஷத்துக்குள் தேய்ந்து, நுனிகள் கூம்ப ஆரம்பித்தன. செய்து கொடுத்தவர்களிடம் கேட்டால், எண்ணெய் விடுங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார்கள். எண்ணெய் விட்டால் தூள் இன்னும் ஒட்டும்! கோணம் தொழிற்பேட்டையில் ஒரு லேத்தில் பாஸ்பர் வெண்கல புஷ் கடைந்து போட்டு, மேலே ஒரு ரப்பர் மூடியும் வைத்தேன். அப்புறம் அந்தத் தொந்தரவு வரவில்லை. விற்கும்போதே இப்படிப் போட்டுத் தரலாம். பெரிய செலவே கிடையாது.

நுனி சரியாக வந்திருக்கிறதா என்பதற்கு நல்ல சோதனை முட்டத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் செய்ததுதான். பையிலிருந்து ஒரு முழம் பழைய நைலான் வலையை எடுத்து, கம்பி நுனியில் போர்த்தி, நாலு பக்கமும் மெல்ல இழுத்தார். கண்ணி ஓரிடத்திலும் நிற்கவில்லை. "இது கொள்ளாம் மக்கா, வலை மாட்டாதுல்லா" என்றார். அன்றிலிருந்து ஒரு வலைத்துண்டு மெஷின் பக்கத்திலேயே தொங்குகிறது. வள்ளத்துக்குப் போகிற ராடு எல்லாம் அதில் இழுத்துப் பார்த்த பிறகுதான் கட்டுக்குள் போகும்.

அடுத்தது துரு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைப் பேசாமல் எஸ்.எஸ். பேச முடியாது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலை ஒட்டிய எந்த ஊரிலும் உப்புக் காற்று 304 என்கிற சாதா ரக எஸ்.எஸ். ராடைக்கூட விட்டுவைக்காது. கடல் பக்கத்து வேலைக்கு மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம்தான் கொடுக்கிறேன். ஆனால் 316 போட்டாலும் நுனி முதலில் பழுப்பேறுகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் கிரைண்டிங்கில் இருக்கும். இரும்புக்கு ஓட்டிய பெல்ட்டையே எஸ்.எஸ்ஸுக்கும் ஓட்டினால் இரும்புத் துகள் நுனியில் பதிந்து, துரு அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் என் பட்டறையில் எஸ்.எஸ். பெல்ட்டுக்கு முதுகில் நீலப் பெயிண்ட் கோடு. அதை வேறு வேலைக்கு யாரும் தொடக் கூடாது.

சந்தேகம் வந்தால் ஒரு ராடில் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் தடவிப் பார்க்கலாம். ரப்பர் தோட்டத்தில் போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்துக்குப் போடுகிற அதே துத்தம்தான். தண்ணீரில் கரைத்துச் சில சொட்டு பேட்டரி ஆசிட் விட்டால் போதும். இரும்பு ஒட்டியிருக்கும் இடத்தில் செம்பு படிந்து இளஞ்சிவப்பாகக் காட்டிக் கொடுக்கும். பார்த்த பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

சூடும் அதே அளவு கெடுதல். அவசரத்தில் அழுத்திப் பிடித்தால் நுனி மஞ்சளாகி, நீலமாகும். அந்த நிறம் நின்ற இடத்தில் எஸ்.எஸ்ஸின் காப்புப் படலம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். செராமிக் துகள் ஒட்டிய பெல்ட் விலை கூடுதல், ஆனால் சூடு குறைவு. நான் 80 நம்பர் பெல்ட்டில் உருவம் எடுத்து, அதைவிடப் பொடியான 120, 240 என்று முடிக்கிறேன். சொரசொரப்பாக விட்டால் உப்பு தங்கும், வழவழப்பாக இருந்தால் மழையிலேயே கழுவிப் போய்விடும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊருக்கு அது பெரிய லாபம்.

அதே மழை பெல்ட்டுக்கு எதிரி. துணி முதுகு ஈரம் இழுத்தால் ஒட்டு விடும். ஓடும்போது அறுந்தால் சாட்டையடிதான். பெல்ட்டைத் தரையில் அடுக்காமல், அகலமான குழாயில் மாட்டி அறைக்குள் தொங்கவிடுங்கள்.

வேலைக்கு வரும் பையன்களிடம் கறாராகச் சொல்வது: கையுறை வேண்டாம். சுற்றுகிற ராடு கையுறையைப் பிடித்தால் விரலோடு இழுக்கும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், குரோமியமும் நிக்கலும் கலந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது. அலுமினிய ராடை இந்த மெஷினில் ஏற்றவே விடமாட்டேன். கிரைண்டிங் தூளைப் பிடிக்கிற பையில் அலுமினியத் தூள் சேர்ந்து, அதில் இரும்புத் தீப்பொறி விழுந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

8 முதல் 16 மில்லி வரை இந்த மெஷின் அருமையாக வேலை செய்கிறது. 20க்கு மேல் போனால் நேரமும் இழுக்கிறது, பெல்ட்டும் சீக்கிரம் தீர்கிறது. அந்த அளவுகளை லேத்தில் உருட்டி வாங்கி, கடைசிப் பாலிஷ் மட்டும் இங்கே போடுகிறேன்.