ஊழியர் தள்ளுபடி என்று நம்பி 3,200 டாலர் இழந்தோம்: ஸ்டார்குரூசர் விடுதியில் அறை தேடுவோர் கவனத்துக்கு

இன்று காலை, அறை விற்பனை விளம்பரத்தை நான் பார்த்த இணையச் சந்தையிலிருந்து வந்த கடைசி மின்னஞ்சலைப் படித்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். 3,200 டாலர் போய்விட்டது. அதைத் திரும்பப் பெறும் முயற்சியில் எனக்கு உதவ வேண்டிய ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டிவிட்டு விலகிக்கொண்டார்கள். அந்த விடுதி 2023 செப்டம்பர் இறுதியில் மூடப்படுகிறது. அதற்குள் எப்படியாவது அங்கே போய்விட வேண்டும் என்று தவிக்கும் குடும்பங்கள் இன்னும் பல இருக்கும் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன். எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை முடிவில் விரிவாகச் சொல்கிறேன்.

விடுதியைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்காவின் புளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் கேளிக்கைப் பூங்கா வளாகத்தில் 2022 மார்ச் 1 அன்று திறக்கப்பட்ட ஸ்டார் வார்ஸ்: கலாக்டிக் ஸ்டார்குரூசர், வழக்கமான விடுதி அன்று. எல்லோரும் ஒரே நாளில் ஏறி, இரண்டு இரவுகள் தங்கி, ஒரே நாளில் இறங்க வேண்டும். ஸ்டார் வார்ஸ் திரைப்படங்களின் உலகில், ஹால்சியன் என்னும் விண்கப்பலில் பயணம் செய்வதாக விடுதி முழுவதும் அமைக்கப்பட்டுள்ளது. அறையின் சன்னலுக்கு வெளியே தெரிவது திரையில் ஓடும் விண்வெளி. நடிகர்கள் கதாபாத்திரங்களாகவே உங்களோடு பேசுவார்கள், நீங்கள் யார் பக்கம் சேர்கிறீர்கள் என்பதற்கேற்பக் கதை நகரும். மொத்தமே 100 அறைகள்தான். திறந்தபோது வெளியிடப்பட்ட மாதிரிக் கட்டணப்படி இருவருக்கு 4,809 டாலர், மூவருக்கு 5,299 டாலர், மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையும் சென்றால் 5,999 டாலர். நால்வர் கணக்கில் பார்த்தால் ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஏறத்தாழ 750 டாலர் ஆகிறது. சாப்பாடும், மது அல்லாத பானங்களும், அதே வளாகத்தின் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவுக்கான நுழைவும் அதில் அடங்கும். இது அநியாய விலை என்று சொல்வோர் நிறையப் பேர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நூறு அறைகளுக்காக அத்தனை நடிகர்கள் இரண்டு நாட்கள் உழைக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு விலை இருக்கத்தான் செய்யும். எங்களால் அந்த விலையைக் கொடுக்க முடியவில்லை என்பது மட்டுமே எங்கள் குறை. நான் ஏமாந்ததற்கும் அந்த விடுதிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு ஆண்டுகளாக அவன் பேச்சில் அந்தக் கப்பல் வராத வாரம் இல்லை. பணம் சேர்த்துக்கொண்டு அடுத்த ஆண்டு போகலாம் என்று அவனை ஆற்றி வைத்திருந்தோம். இந்த ஆண்டு, 2023 மே 18 அன்று, செப்டம்பர் 28 அன்று புறப்படுவதே கடைசிப் பயணம் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு என்பதே இல்லாமல் போயிற்று. புதிய முன்பதிவுகளைச் சில நாட்கள் நிறுத்தி வைத்து மே 26 அன்று மீண்டும் திறந்தபோது, எங்களுக்கு விடுப்புக் கிடைக்கும் நாட்களில் இடம் இல்லை. இடம் இருந்த நாட்களில் எங்களிடம் முழுத் தொகை இல்லை.

ஜூலை நடுவில், பயன்படுத்தாத விடுதி முன்பதிவுகளையும் பூங்கா நுழைவுச்சீட்டுகளையும் தனிநபர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் ஓர் இணையச் சந்தையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். "ஊழியர் தள்ளுபடி, பாதி விலை, செப்டம்பர் முதல் வாரம், நால்வருக்கான அறை" என்று இருந்தது. விற்பவர் பெயருக்குக் கீழே நல்ல மதிப்பீடுகளும், சரிபார்க்கப்பட்டவர் என்பதற்கான பச்சைக் குறியும் இருந்தன. நான் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கேட்டேன். என் பெயரைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க தமிழா?" என்று பதில் வந்தது.

அன்றிரவு தொலைபேசியில் நாற்பது நிமிடங்கள் பேசினோம். விடுதி இருக்கும் வளாகத்திலேயே வேலை பார்ப்பதாகவும், ஆண்டுதோறும் தனக்குக் கிடைக்கும் தள்ளுபடியைக் கொண்டு இந்த அறையை எடுத்ததாகவும், மனைவிக்குப் பேறுகாலம் நெருங்குவதால் போக முடியவில்லை என்றும் சொன்னார். மகனின் வயதைக் கேட்டார். ஒன்பது என்றதும், "நல்லவேளை அக்கா, பத்து ஆயிட்டா பெரியவங்க கணக்குல போயிடும்" என்றார். அது உண்மைதான், அங்கே மூன்று முதல் ஒன்பது வயது வரைதான் குழந்தைக் கட்டணம். உள்ளே இருப்பவருக்குத்தான் இப்படியெல்லாம் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. விடுதியின் கட்டணப் பக்கத்தைத் திறக்கும் யாருக்கும் அது தெரியும் என்பது இப்போது உறைக்கிறது. தம்முடைய பெயர் அட்டையின் படத்தையும் அனுப்பினார். முதற்பெயரும் அதற்குக் கீழே சொந்த ஊரும் இருந்தன. அங்கே வேலை செய்பவர்களின் அட்டை அப்படித்தான் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சுற்றுலா போனவர்கள் எடுத்த படங்களிலேயே அத்தகைய அட்டைகளைத் தெளிவாகப் பார்க்கலாம் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இவற்றையெல்லாம்கூட நான் சந்தேகித்திருப்பேன். என்னை வீழ்த்தியது வேறொன்று. பணத்தை உடனே அனுப்பிவிடுகிறேன் என்று நானே சொன்னபோது அவர் மறுத்தார். "அவசரப்படாதீங்க அக்கா, பெரிய தொகை. அண்ணாகிட்ட பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் வேற யாருக்கும் கொடுக்கமாட்டேன்" என்றார். ஏமாற்றுக்காரர் அவசரப்படுத்துவார் என்றுதான் எல்லா எச்சரிக்கைகளிலும் படித்திருக்கிறேன். இவர் என்னைப் பொறுக்கச் சொன்னார். தொலைபேசியை வைத்ததும் என் கணவரிடம், "இந்தப் பையன் நல்லவன், பணத்துக்கு அலைகிறவன் இல்லை" என்று நானே சான்று கொடுத்தேன். அந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

மறுநாள் 3,200 டாலர் அனுப்பினோம். 5,999 டாலரில் பாதியாக 3,000 டாலர், பெயர் மாற்றுவதற்கான கட்டணமாக 200 டாலர். சந்தையின் வழியாகக் கட்டினால் அவர்கள் பங்கு பிடித்துக்கொள்வார்கள் என்பதால் நேராக அனுப்புமாறு கேட்டார். வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நொடியில் பணம் போகும் செயலியில் என் கணவர் அனுப்பினார். ஒரு மணி நேரத்தில், எங்கள் நால்வரின் பெயரும் பயண நாளும் உறுதிப்படுத்தல் எண்ணும் கொண்ட மின்னஞ்சல் வந்தது. மகனிடம் அன்று மாலையே சொல்லிவிட்டோம். அவன் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடிக்கத் தொடங்கினான்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாது. அதை முன்கூட்டியே சொல்லி வைப்பதற்காக விடுதியின் முன்பதிவுப் பிரிவை அழைத்து எண்ணைக் கொடுத்தேன். எதிர்முனையில் இருந்த பெண் அந்த எண்ணை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு எங்கள் நால்வரின் பெயரையும் தனித்தனியாகத் தேடினார். அப்படியொரு முன்பதிவு இல்லை என்று மிகவும் மெதுவாகச் சொன்னார். இதைப் பலரிடம் சொல்லிப் பழகியவர் போல இருந்தது அவர் குரல்.

உடனே அந்த ஆளை அழைத்தேன். முதல் முறை எடுத்து, "கணினியில ஏற ரெண்டு மூணு நாள் ஆகும் அக்கா" என்றார். இரண்டாம் நாள், தாம் மருத்துவமனையில் இருப்பதாகவும் மனைவிக்கு வலி கண்டுவிட்டதாகவும் செய்தி அனுப்பினார். அதையும் நம்பி, குழந்தை நலமாகப் பிறக்கட்டும் என்று பதில் எழுதினேன். மூன்றாம் நாள் முதல் அந்த எண் ஒலிக்கவே இல்லை.

இணையச் சந்தையின் கதை இதைவிடக் கொடுமையானது. அரட்டைப் பெட்டியில் முதலில் வந்தவர் என் வருத்தம் தமக்குப் புரிவதாகச் சொல்லி ஒரு புகார் எண் கொடுத்தார். ஏழு வேலை நாட்கள் காத்திருக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் இன்னொருவர், முதலில் கேட்ட அதே கேள்விகளை மறுபடி கேட்டு, அதே திரைப்பிடிப்புகளை மறுபடி அனுப்பச் சொன்னார். இன்று காலை வந்த மின்னஞ்சலில், பணப் பரிமாற்றம் தளத்துக்கு வெளியே நடந்திருப்பதால் தங்கள் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது என்றும் புகார் முடித்து வைக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். பணம் வெளியே போயிருக்கலாம், ஆனால் அவரை எனக்கு அறிமுகப்படுத்தியதும் பச்சைக் குறி கொடுத்ததும் நீங்கள்தானே? அந்தக் குறி எதைச் சரிபார்த்ததற்காக என்று கேட்டேன். மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்த்ததற்காகவாம். 3,200 டாலரை அந்தக் குறியை நம்பித்தான் அனுப்பினோம்.

வங்கியும் கைவிரித்தது. எங்கள் அனுமதி இல்லாமல் யாரோ எடுத்திருந்தால் அது வேறு கணக்கு, நாங்களே கடவுச்சொல் போட்டு அனுப்பிய பணத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்றார்கள். கடன் அட்டையில் கொடுத்திருந்தால், அட்டையின் கணக்கு அறிக்கை வந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கும் உரிமை 1974-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. சந்தையின் பங்கை மிச்சப்படுத்தப் போய் அந்த உரிமையை நாங்களே கைகழுவிவிட்டோம்.

எல்லாம் முடிந்த பிறகு, பெரிய விடுதியொன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் என் சித்தி மகளிடம் பேசினேன். அவள் சொன்னதை ஜூலையிலேயே கேட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. ஊழியர் தள்ளுபடி என்பது ஊழியருக்குச் சொந்தமான பொருள் அன்று, வேலையோடு ஒட்டிய சலுகை. அது அவருக்கும் அவர் குடும்பத்தினருக்கும், சில இடங்களில் நண்பர்களுக்கும் பொருந்தும். காசுக்கு விற்பதை எந்த விடுதியும் ஏற்பதில்லை, பிடிபட்டால் வேலையே போகும். அறைக்குள் நுழையும்போது ஊழியரின் அடையாள அட்டையையோ, நிர்வாகம் கொடுத்த அனுமதிப் படிவத்தையோ கேட்பார்கள். காட்ட முடியாவிட்டால் முழுக் கட்டணத்தையும் அங்கேயே வசூலிப்பார்கள், அல்லது அறை இல்லை என்பார்கள். எனவே அந்த ஆள் உண்மையிலேயே ஊழியராக இருந்து, உண்மையிலேயே அறை எடுத்துக் கொடுத்திருந்தால்கூட, நாங்கள் பெட்டிகளோடும் குழந்தையோடும் வாசலில் நின்று மீதிப் பணத்துக்குத் திண்டாடியிருக்கலாம்.

இன்னொன்றையும் அவள் கேட்டாள், அதற்கு என்னிடம் பதிலே இல்லை. விடுதிகள் ஊழியர்களுக்கு அறையைப் பாதி விலைக்குக் கொடுப்பது காலியாகக் கிடக்கும் நாட்களை நிரப்பத்தான். மூடப்போகிறது என்று தெரிந்து ஊரே முண்டியடித்து இடம் பிடிக்கும் மாதத்தில் பாதி விலை அறை எங்கிருந்து வரும்? மூடப்போகும் கடையில் மலிவாகக் கிடைக்கும் என்ற நினைப்பிலேயே நான் இருந்துவிட்டேன். கடைசிப் பயணங்களுக்குத் தேவை கூடும், குறையாது என்பதை மே 26 அன்று நாங்களே கண்ணால் பார்த்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

விரிவாக எழுதுவதாகத் தொடக்கத்தில் சொன்னேன். இப்போது என்னால் முடிந்தது இவ்வளவுதான். விற்பவர் தரும் உறுதிப்படுத்தல் எண்ணைக் கொண்டு, பணம் கொடுப்பதற்கு முன்பே விடுதியை நீங்களே அழைத்துக் கேளுங்கள். விற்பவர் தரும் தொலைபேசி எண்ணை நம்பாமல் விடுதியின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். ஊழியர் தள்ளுபடியை முன்பின் தெரியாதவரிடமிருந்து வாங்காதீர்கள். தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கடன் அட்டை தவிர வேறு எதிலும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் இன்றே வங்கியிலும், உள்ளூர்க் காவல் நிலையத்திலும், எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் பதிவு செய்யுங்கள், நாங்கள் மூன்றையும் செய்திருக்கிறோம்.

மகனிடம் நேற்றிரவு சொன்னோம். ஏன், எப்படி என்று அவன் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்துபோய் நாட்காட்டியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டான். அந்த விளம்பரம் இதை எழுதும் இந்த நிமிடத்திலும் பச்சைக் குறியோடு அங்கேயே இருக்கிறது. செப்டம்பர் முதல் வாரம் என்றிருந்த இடத்தில் மூன்றாம் வாரம் என்று மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.