திருகோணமலையில் மூன்று நாள்: கவுண்டர், படகு, வெந்நீர்

திருகோணமலையில் காசும் நேரமும் வீணாவது பெரும்பாலும் இரண்டு விஷயத்தால்தான். ஒன்று, கையில் இருக்கும் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பது. மற்றது, அறையை விட்டு வெளிக்கிட்ட நேரம்.

முதலாவது, நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கும் புறாமலைத் தீவுக்கு டிக்கெட் எடுக்கும் கவுண்டரிலேயே தெரிந்துவிடும். நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கேட்டாலும், சாரம் கட்டிக்கொண்டு போனாலும், வனசீவராசிகள் திணைக்களத்தின் கவுண்டரில் பார்ப்பது அடையாள அட்டையைத்தான். இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் தேசிய அடையாள அட்டையைக் காட்டி உள்ளூர்க் கட்டணத்தில் போகலாம். கனடா, லண்டன் கடவுச்சீட்டு மட்டும் உள்ளவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம். அது டொலரில் கணக்கிட்டு ரூபாயில் வாங்கப்படும், வித்தியாசம் பல மடங்கு. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்காதவர் சட்டப்படி அதை இழந்தவர். ஆகவே அலுமாரியில் கிடந்த பழைய அட்டையைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

பில்லில் மூன்று வரிகள் இருக்கும். ஆளுக்கு நுழைவுக் கட்டணம், குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், அதற்கு மேல் அரசாங்க வரி. குழுக் கட்டணம் ஒருவர் போனாலும் ஆறு பேர் போனாலும் ஒன்றுதான். படகு வாடகை இதில் சேராது, அது படகு ஒன்றுக்குத் தனியாகப் பேச வேண்டியது. அதனால் தனியாகப் போகிறவருக்குத்தான் அடி. நிலாவெளிக் கரையில் கொஞ்ச நேரம் நின்று இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டால் படகுச் செலவைப் பகிரலாம். பேசும்போதே இரண்டைக் கேட்டு வையுங்கள்: படகு திரும்பி எத்தனை மணிக்கு வரும், தண்ணீருக்குள் மீன் பார்க்கப் போடும் கண்ணாடியும் மூச்சு விடும் காற்றுக்குழாயும் வாடகைக்குள் அடங்குமா.

கண்ணாடியைக் கரையிலேயே சோதியுங்கள். பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுத்தால், கையை விட்டாலும் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் வேறு கேளுங்கள். சிலிக்கோன் விளிம்பு வெடித்திருந்தாலோ, உள்ளே தலைமயிர் சிக்கினாலோ, மீசை அடர்த்தியாக இருந்தாலோ தண்ணீர் புகும். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் கண்ணாடியை இறுக்கிக் கட்டுவதால் பயனில்லை. பட்டி இறுக இறுக விளிம்பு மடிந்து இன்னும் ஒழுகும்.

தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், படகில் பத்துப் பதினைந்து நிமிடம். 2003இல் தேசியப் பூங்காவானது. கரை முழுக்க உடைந்த பவளத் துண்டுகள். வெறுங்காலோடு இறங்கினால் பாதம் கிழியும், றப்பர்ச் செருப்பு அலையில் கழன்றுவிடும். பின்பட்டி உள்ள செருப்புத்தான் சரி. உயிருள்ள பவளத்தில் காலை ஊன்றக் கூடாது, களைத்தால் மல்லாந்து மிதக்கலாம். கருமுனைச் சுறாக் குட்டிகள் ஆழமில்லாத இடத்திலேயே திரியும், மனிதரைக் கண்டால் அவையே விலகிப் போகும். தீவில் கடை கிடையாது. தண்ணீர் கொண்டுபோய், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

காலை ஏழு, எட்டு மணிக்குக் கடல் கண்ணாடிபோல இருக்கும். பத்துக்குப் பிறகு காற்று எழும்பினால் மணல் கலங்கி மீன் தெரியாது. யூன், யூலையில் மேற்கே இருந்து வரும் கச்சான் காற்று வெக்கையும் புழுதியுமாக அடிக்கும். (கொறிக்கிற நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர், கடற்கரையில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும்.) கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் வந்தால் படகே ஓடாது. நத்தார் லீவுக்கு வருகிறவர்கள் புறாமலையைத் திட்டத்தில் போடாமல் இருப்பது நல்லது. சித்திரை முதல் புரட்டாதி வரைதான் காலம்.

கன்னியா வெந்நீரூற்று நகரிலிருந்து சுமார் எட்டுக் கிலோமீட்டர், அநுராதபுரம் வீதியில் போய்த் திரும்ப வேண்டும். அங்கேயும் டிக்கெட் உண்டு. ஏழு சின்னக் கிணறுகள், மூன்று நான்கு அடி ஆழம், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறுபடும். உள்ளே இறங்குவதில்லை, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான். சூடு குறைந்ததில் தொடங்கினால் உடம்பு பழகும். சவுக்காரம், ஷாம்பு கொண்டுபோகாதீர்கள். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் கிரியைக்காக வரும் குடும்பங்களும் அங்கே நிற்கும், அவர்கள் பக்கம் கமராவைத் திருப்புவது அழகல்ல. மத்தியான வெயிலில் வெந்நீர் ஊற்றுவதில் என்ன சுகம் என்று பட்டால், காலை வேளையில் போங்கள்.

கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலில் இறங்கி நடந்தால் கால் மணி நேர ஏற்றம். ஓட்டோ மேல்வரை போகும். உச்சிப் பூசை முடிந்ததும் நடை சாத்தினால் பின்னேரம் நான்கு மணிவரை காத்திருக்க வேண்டும், பாறை வேறு கொதிக்கும். பாடல் பெற்ற தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். இப்போதைய கோயிலுக்குக் குடமுழுக்கு 1963இல். ஆண்கள் உள்ளே மேற்சட்டை கழற்ற வேண்டும். இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவுப் பக்கம், பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் மரத்தில் ஆடும். வழியில் வரும் புள்ளிமான்களுக்குப் பிஸ்கட் கொடுக்காதீர்கள், பையோடு சேர்த்தே தின்றுவிடும்.

கொழும்பிலிருந்து வர இரவு மெயில் ரயில் வசதி. முன்பதிவுக்கு அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு எண் வேண்டும், வார இறுதிக்கு ஆசனம் சீக்கிரம் முடியும். விடியப்புறம் வந்து இறங்கினால் அறை மத்தியானம்தான் கிடைக்கும், பையை மட்டும் முன்கூட்டி வைக்கலாமா என்று லொட்ஜில் கேட்டுக்கொள்ளுங்கள். 49ஆம் இலக்க பஸ் ஆறேழு மணி நேரம் எடுக்கும். போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளில் வங்கி பூட்டு, மதுக்கடை பூட்டு, கடற்கரை மட்டும் நிரம்பி வழியும்.

ஓட்டோவைக் கன்னியாவுக்குப் பேசும்போது வெல்கம் விகாரையையும் சேர்த்துப் பேசுங்கள், காத்திருக்கும் நேரத்துக்கும் விலை முன்பே முடிவாக வேண்டும். இரண்டு தனிப் பயணமாகப் போனால் கூடுதல் செலவு. வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்த இடம். அநேகமாக ஆளே இருக்காது.