எதிரே யாரும் இல்லாத நேர்காணல்: மூன்று மாதச் சந்தா கட்டிப் பார்த்ததில்

கோவை கணபதியில் விவசாயப் பம்புசெட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் ஆள் எடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறேன். சனிக்கிழமை வாக்-இன் என்று விளம்பரம் கொடுத்தால் காலை எட்டரைக்கே காவலாளி அறை வாசலில் நாற்பது பேர் கோப்புகளோடு நிற்பார்கள். பொள்ளாச்சி, உடுமலை, கோபி என்று முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். மதியம் மூன்று மணிக்குக் கடைசி ஆள் உள்ளே வரும்போது எனக்குக் காது அடைத்துப் போயிருக்கும்; முதல் ஆள் என்ன சொன்னார் என்று கேட்டால் விழிப்பேன். இதற்கு ஒரு வழி பிறக்கும் என்றுதான் ஜனவரியில் பதிவு வீடியோ நேர்காணல் சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டினோம். மூன்று மாதத்துக்கு 18,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 21,240. சேவையின் பெயர் வேண்டாம். டெமோ பார்த்த நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருந்தன.

விண்ணப்பித்தவரின் கைபேசிக்கு ஒரு லிங்க் போகும். திறந்தால் நாம் எழுதிவைத்த கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். யோசிக்க 30 நொடி, பதிலுக்கு 2 நிமிடம். எதிரே யாரும் இல்லை. தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு பேச வேண்டும். பேசியது பிடிக்காவிட்டால் ஒரே ஒரு முறை அழித்துவிட்டு மறுபடி பேசலாம். நான்கு நாள் கெடு. பதிவானதை நான் எனக்குத் தோதான நேரத்தில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம், மதிப்பெண் போடலாம், ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். "மூன்று கேள்வி என்றால் மணிக்குப் பதினைந்து பேரைப் பார்த்துவிடலாம் மேடம்" என்றார் டெமோ காட்ட வந்த இளைஞர். அது உண்மைதான்.

அனுப்புவதற்கு முன் நானே ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று எத்தனையோ ஆயிரம் பேரைக் கேட்டிருக்கிறேன். என் முறை வந்தபோது நாற்பதாவது நொடியில் சரக்குத் தீர்ந்துவிட்டது. எதிரில் ஒருவர் இருந்தால் தலையாட்டுவார், 'ம்' என்பார். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம். இங்கே இறங்கிக்கொண்டே வரும் நொடிகள் மட்டும். அந்தக் கேள்வியை அன்றே எடுத்துவிட்டேன்.

இரண்டு வேலைகளுக்கு இதைப் பயன்படுத்தினோம். முதலாவது, டீலர்களும் விவசாயிகளும் கூப்பிடும் புகார் எண்ணில் பேசுகிற பணி, ஆறு இடம். இதற்குச் சேவை நன்றாகவே உழைத்தது. மறைக்காமல் சொல்கிறேன், வாக்-இன்னில் இவ்வளவு தெளிவாக நான் தேர்ந்தெடுத்ததில்லை. எல்லோருக்கும் அதே கேள்வி, அதே நேரம். யார் என்ன சட்டை போட்டிருக்கிறார், யார் சிபாரிசில் வந்தார் என்பதெல்லாம் பின்னால் போய்விடுகிறது. நான் வைத்த கேள்வி இது: 'மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் கோபமாகக் கூப்பிடுகிறார். என்ன கேட்பீர்கள்?' கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வ் கசிவு, காற்று அடைப்பு, கிணற்றில் நீர்மட்டம் இறங்கியது, மூன்று பேஸில் இரண்டு மாறிப்போய் மோட்டார் தலைகீழாகச் சுற்றுவது என்று காரணங்களை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் பலர். ஒரு பெண் மட்டும், "முதலில் அவர் திட்டி முடிக்கட்டும். அப்புறம் நேற்றுத் தண்ணீர் வந்ததா என்று கேட்பேன்" என்றார். பின்னணியில் குக்கர் விசில் அடித்தது, அவர் அசரவில்லை. இந்த வேலையே முகம் தெரியாதவரிடம் கைபேசியில் பேசுவதுதான் என்பதால் நேர்காணலும் வேலையும் ஒன்றுபோல இருந்தன. ஆறு இடமும் இரண்டு வாரத்தில் நிரம்பின.

இரண்டாவது, ஊர் ஊராகப் போய்ப் பழுது பார்க்கும் சர்வீஸ் டெக்னீசியன். பத்து இடம். இங்கேதான் குட்டு வெளிப்பட்டது. ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்த 84 பேருக்கு லிங்க் அனுப்பினோம்; முடித்தவர்கள் 31 பேர். விட்டவர்களில் இருபது பேரைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். கேமராவுக்கு அனுமதி கேட்டபோது பயந்து 'வேண்டாம்' என்று அழுத்தியவர்கள் இருந்தார்கள். ஒருமுறை மறுத்துவிட்டால் அதைத் திரும்ப எங்கே போய்த் திறப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, சேவையும் சொல்லித் தரவில்லை. வீடியோ பாதி ஏறியதும் டேட்டா தீர்ந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அதிகம் கேட்ட பதில் வேறு: "வீடு ஒரே அறை மேடம், எல்லோரும் இருக்கும்போது தனியாகப் பேசக் கூச்சமாக இருந்தது." பஸ் பிடித்து வரக் கூச்சப்படாத பிள்ளைகள்! பயணச் செலவு மிச்சம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். செலவைக் கூச்சமாக மாற்றி அவர்கள் தலையில் கட்டியிருக்கிறேன்.

தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கித் தரும் வசதியைப் பற்றி ஒரு வார்த்தை. கெப்பாசிட்டரை நம் பக்கம் எல்லோரும் கண்டன்சர் என்றுதான் சொல்வார்கள். அதைக் கண்டக்டர் என்று எழுதியது. ஃபுட் வால்வ், 'பூட்டு வால்' ஆனது. 'பூட்டு வாலைக் கழற்றிக் கண்டக்டரை மாற்ற வேண்டும்' என்ற வரி இன்றும் எங்கள் அலுவலகத்தில் புழக்கத்தில் இருக்கிறது.

சிரித்துவிட்டுப் போக முடியாதது, அந்த எழுத்தையும் குரலையும் வைத்து மென்பொருள் தானாகப் போடும் தரவரிசை. 'தன்னம்பிக்கை' என்று ஒரு கட்டம், அதற்கு நூற்றுக்கு இத்தனை. எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வழவழவென்று வந்தது. பட்டியல் அந்த வரிசையில்தான் திறக்கும். நானும் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசிக்கு முந்தைய வீடியோவில் ஒரு பையன். முதல் கேள்விக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடமும் பேசவே இல்லை. கண் கடிகாரத்தில். கடைசியில் "மன்னிக்கவும்" என்றான். எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் அதை நிறுத்தச் சொல்லி, "கையைப் பாருங்கள் மேடம்" என்றார். விரல் நுனிகளில் வார்னிஷ் கறை. மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளை, காயிலை, கட்டுகிற கை. உடனே கூப்பிட்டேன். திருப்பூரில் ஒரு ரீவைண்டிங் கடையில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது என்றான். அவன் வீடியோ வந்தது பத்து நாளுக்கும் முன்னால்.

அதன் பிறகுதான் இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், முன்பே செய்திருக்க வேண்டியது. இந்தத் துறையில் பெரிய பெயரான அமெரிக்காவின் ஹயர்வியூ 2004-இல் தொடங்கிய நிறுவனம். முகத்தை ஆராய்ந்து மதிப்பிடும் முறையைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அதுவே அறிவித்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் பவேரிய ஒலிபரப்பு நிறுவனத்தின் செய்தியாளர்கள் இதுபோன்ற ஒரு மென்பொருளைச் சோதித்தார்கள்: ஒரே ஆள் கண்ணாடி போட்டாலும், தலையில் துணி கட்டினாலும், பின்னால் புத்தக அலமாரி இருந்தாலும் மதிப்பெண் மாறியது. புத்தக அலமாரி! எங்கள் 31 பேரில் ஒருவர் பின்னாலும் அலமாரி கிடையாது. பீரோ இருந்தது, ஆட்டுக்குட்டி இருந்தது.

வாங்க நினைப்பவர்களுக்கு: தரவரிசையை அணைக்கும் பொத்தான் அமைப்புகளில் எங்கோ அடியில் இருக்கும், முதல் நாளே தேடி அணைத்துவிடுங்கள். யோசிக்கும் நேரத்தை 30 நொடியிலிருந்து 2 நிமிடமாக்குங்கள், மறுபதிவை மூன்று முறை அனுமதியுங்கள். இரண்டையும் மாற்றலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. லிங்க் அனுப்புமுன் ஒரு ஆள் கூப்பிட்டு, இது என்ன, யார் பார்ப்பார்கள் என்று சொல்லட்டும். எங்களுக்கு அந்த வேலை புகார் எண்ணுக்கு ஆள் எடுத்தபோது இயல்பாக நடந்தது, டெக்னீசியன்களுக்கு நடக்கவில்லை. அவர்களுக்கு இப்போது ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு, பிறகு மேசையில் ஒரு பழுதான மோனோபிளாக் பம்பு, ஒரு ஸ்பேனர் செட். பஸ் கட்டணம் எங்களுடையது. புகார் எண் பணிக்கு மட்டும் சந்தாவைத் தொடரலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டு.

அந்த மூன்றில் ஒன்றை இப்போது எடுத்துவிட்டேன். சந்தா முடிந்ததும், தேர்வாகாதவர்களின் வீடியோக்களை அழித்துவிடுங்கள் என்று எழுதினேன். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், இப்படி மென்பொருள் ஆராயும் நேர்காணல் வீடியோவை விண்ணப்பித்தவர் கேட்டால் 30 நாளில் அழிக்க வேண்டும் என்று 2020 முதலே சட்டம் இருக்கிறது. நம் நாட்டிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எனக்கு வந்த பதில், 'உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது' என்பது. மூன்று முறை அதே பதில். நேற்றுப் பழைய லிங்க்கை அழுத்திப் பார்த்தேன். திறந்தது. அந்தப் பையன் இன்னும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.