மூன்று ரைஃபிள், ஒரே தோட்டா: லீ-என்ஃபீல்ட், பேட்டர்ன் 14, ராஸ்

1913-ல் லீ-என்ஃபீல்டை ஓரங்கட்டிவிட்டு வேறு ரைஃபிளுக்கு மாற பிரிட்டிஷ் ராணுவம் கிட்டத்தட்டத் தயாராகிவிட்டது. புது மாடலில் ஏறக்குறைய ஆயிரம் செய்து, சோதனைக்காகப் படைப்பிரிவுகளிடம் கொடுத்தும் ஆயிற்று. அடுத்த ஆண்டு போர் வெடித்தது, திட்டம் அப்படியே நின்றது. கழித்துக்கட்ட நினைத்த பழைய ரைஃபிள்தான் இரண்டு உலகப் போர்களிலும் போய் நின்றது.

லீ-என்ஃபீல்ட் என்று பேச்செடுத்தாலே ஜெர்மனியின் மாசர் 98-ஐப் பக்கத்தில் நிறுத்துவதுதான் வழக்கம். அந்த வாக்குவாதம் ஓயாது, விட்டுவிடுவோம். அதைவிடச் சுவாரசியமானது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள்ளேயே நடந்த போட்டி. லீ-என்ஃபீல்ட் மார்க் 3, அதற்கு மாற்றாக உருவான பேட்டர்ன் 14, கனடா தனியாகச் செய்துகொண்ட ராஸ் மார்க் 3. மூன்றும் அதே .303 அங்குலத் தோட்டாவைச் சுட்டவை. அதனால் வித்தியாசம் முழுவதையும் ரைஃபிளின் கணக்கிலேயே எழுதலாம்.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். ரைஃபிளுக்கு அடியில் மாட்டி, தோட்டாக்களை அடுக்கும் பெட்டி மேகசினுக்கு 1879-ல் காப்புரிமை வாங்கினார். 1888-ல் பிரிட்டன் அவருடைய போல்ட்டையும் (தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் தண்டு) மேகசினையும் எடுத்து, மெட்ஃபோர்ட் வடிவமைத்த குழலோடு சேர்த்து லீ-மெட்ஃபோர்டாக்கியது. குண்டைச் சுழலவைக்க மெட்ஃபோர்ட் குழலுக்குள் வைத்த ஆழமில்லாத வரிப்பள்ளங்கள் கரிமருந்துக்குச் சரி. கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்ததும் அதன் சூட்டில் சீக்கிரமே தேய்ந்துபோயின. என்ஃபீல்ட் ஆலை ஆழமான ஐந்து பள்ளங்கள் கொண்ட குழலைப் போட்டது. 1895-ல் லீ-என்ஃபீல்ட் பிறந்தது இப்படித்தான்.

அப்புறம் தென்னாப்பிரிக்காவில் போயர் போர். எதிரிகள் மாசரில் ஐந்து தோட்டாக்களை ஒரே கிளிப்பில் கோத்து ஒரு அழுத்தில் உள்ளே தள்ளினார்கள். பிரிட்டிஷ் சிப்பாயோ ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தான். அடி வாங்கித் திரும்பியவர்கள் இரண்டு முடிவு எடுத்தார்கள்: கிளிப் வசதி வேண்டும், காலாட்படைக்கு நீளம், குதிரைப்படைக்குக் குட்டை என்று இரண்டு வகை வேண்டாம், எல்லோருக்கும் நடுத்தர நீளத்தில் ஒன்றே போதும். 1902-ல் ஒப்புதல் பெற்ற அந்தக் குட்டை லீ-என்ஃபீல்ட் 1907-ல் மார்க் 3 ஆனது. குழல் 64 செ.மீ., எடை 3.9 கிலோ, மேகசினில் 10 தோட்டா.

இலக்குச் சுடும் போட்டிக்காரர்களுக்கு இது பிடிக்கவே இல்லை. குழல் குட்டை, உதை அதிகம், துல்லியம் போயிற்று என்று கிழித்தார்கள். பேட்டர்ன் 13 என்ற மாற்றுத் திட்டம் பிறந்தது இந்தச் சூழலில்தான். மாசர் பாணிப் போல்ட், அதிவேகமாகப் பாயும் .276 அங்குலத் தோட்டா. சுட்டுப் பார்த்தபோது குழல் கொதித்தது, வேகமாகத் தேய்ந்தது, வாயில் தீச்சுடரும் சத்தமும் தாங்கவில்லை. போர் வந்ததும் அந்தத் தோட்டாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரைஃபிளை மட்டும் .303-க்கு மாற்றி அமெரிக்காவில் வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் ஆலைகளில் செய்யச் சொன்னார்கள். அதுதான் பேட்டர்ன் 14. எடை 4.25 கிலோ, மேகசினில் 5 தோட்டா.

ராஸின் கதை வேறு. போயர் போரின்போது கனடாவுக்குத் தேவையான லீ-என்ஃபீல்ட் பிரிட்டனிடமிருந்து கிடைக்கவில்லை. கனடாவிலேயே தயாரிக்கும் பேச்சும் கைகூடவில்லை. அந்த நேரம் பார்த்து வந்து நின்றவர் சர் சார்லஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு. தன் சொந்த வடிவமைப்பு, கியூபெக்கில் தானே ஆலை. சுதேசி ரைஃபிள் என்ற பெருமையில் கனடா வாங்கிக்கொண்டது.

கை வேகம்

இதில் லீ-என்ஃபீல்டை மற்ற இரண்டும் நெருங்கவே முடியாது. போல்ட் கைப்பிடி விசைக்கு மிக அருகில், கீழ்நோக்கி வளைந்திருக்கும். திறக்க 60 டிகிரி தூக்கினால் போதும். போல்ட்டைப் பூட்டும் புடைப்புகள் பின்பக்கம் இருப்பதால் போல்ட் பின்னால் வரவேண்டிய தூரமும் குறைவு. அதோடு, தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசியின் ஸ்பிரிங் இறுகுவது போல்ட்டை மூடும்போதுதான். சூடேறி இறுகிய காலித் தோட்டாக் கூட்டை வெளியே இழுக்க வேண்டிய நேரத்தில் கைக்கு வேறு சுமை இல்லை. பழகியவர்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியை விடாமல், நடுவிரலால் விசையை இழுப்பார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கஞ்சத்தனமும் உண்டு. இங்கிலாந்தின் ஹைத் துப்பாக்கிப் பள்ளியின் பயிற்சித் தலைவர் மக்மஹோன் பட்டாலியனுக்குக் கூடுதல் இயந்திரத் துப்பாக்கிகள் கேட்டார், கொடுக்கவில்லை. 1914-லும் ஒரு பட்டாலியனுக்கு இரண்டே இரண்டுதான். சரி, ஆளாளுக்கு வேகமாகச் சுடக் கற்றுக்கொடுப்போம் என்று அவர் இறங்கினார். 300 கஜத்தில் நிமிடத்துக்கு 15 என்பது அந்தப் பயிற்சியின் அளவு. அதற்கு மேல் போனவர்கள் ஏராளம். 1914 ஆகஸ்ட்டில் பெல்ஜியத்தின் மோன்ஸில் அதன் பலன் தெரிந்தது. மக்மஹோன் அதே நவம்பரில் ஈப்ர் அருகே இறந்துபோனார்.

பேட்டர்ன் 14-ம் மூடும்போதே ஸ்பிரிங்கை இறுக்கும், போல்ட்டும் வழவழப்பாக ஓடும். ஆனால் ஐந்து சுட்டதும் மேகசின் காலி. ராஸ் நேர் இழுவை வகை: தூக்கத் தேவையில்லை, பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் போதும். காகிதத்தில் பார்த்தால் மூன்றிலும் வேகமானது இதுதான்.

குறி

இங்கே லீ-என்ஃபீல்ட் தோற்கிறது, கௌரவமாகக்கூட அல்ல. குறிபார்க்கும் அதன் பின்பக்க சைட், குழலின் நடுவில் இருக்கும் திறந்த வெட்டு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே அரை மீட்டர்தான். பேட்டர்ன் 14-ல் பின் சைட் கண்ணுக்கு அருகில், போல்ட் ஓடும் உடல்பகுதியான ரிசீவர் மேல், இரண்டு தடித்த காதுகளுக்கு நடுவே ஒரு சிறு துளை. இடைவெளி ஏறக்குறைய 80 செ.மீ. துளை வழியாகப் பார்த்தால் கண் தானாகவே நடுவைப் பிடித்துக்கொள்ளும். புதுசாகச் சேர்ந்த ஆளுக்கும் சொல்லிக்கொடுப்பது சுலபம். குழலும் தடிமன், போல்ட் முன்பக்கம் பூட்டுவதால் ஆட்டமும் இல்லை. பக்கவாட்டில் திருத்தும் வசதி இல்லாதது மட்டும் குறை.

வின்செஸ்டர் செய்தவற்றை ஸ்னைப்பர்களுக்கென்று தனியாகப் பொறுக்கி எடுத்தார்கள். 1918-ல் அதில் ஆல்டிஸ் தொலைநோக்கியும் ஏறியது. ராஸ் இன்னும் ஒரு படி மேல்: 77 செ.மீ. குழல், தோட்டா உட்காரும் சேம்பரும் இறுக்கம். போருக்கு முன் இங்கிலாந்தின் பிஸ்லி துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் பரிசுகளை அள்ளிய ரைஃபிள் அது.

லீ-என்ஃபீல்டுக்குச் சாதகமாக ஒன்று சொல்ல வேண்டும். பின்பக்கப் பூட்டு காரணமாகச் சுடும்போது ரிசீவர் சற்று வளையும், குழல் மேல்நோக்கி அதிரும். வேகம் குறைந்த குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறும்போது குழல்வாய் கூடுதலாக உயர்ந்திருக்கும். ஆகவே 800, 1000 கஜ தூரத்தில் மெதுவான குண்டும் வேகமான குண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் போய்ச் சேரும். பலவீனம் என்று எல்லோரும் சுட்டிய வளைவு நீண்ட தூரத்தில் உதவியது. கிட்ட தூரத்தில் உதவவில்லை.

சேறு

1915 ஏப்ரல், ஈப்ர். குளோரின் வாயு பரவிய அந்தச் சண்டையில் கனடியர்களின் கையில் இருந்தது ராஸ். வேகமாகச் சுட்டதும் போல்ட் சிக்கியது. காலால் உதைத்தும் மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறக்க வேண்டியிருந்தது. தப்பிப் பிழைத்த ஏறக்குறைய 5,000 கனடிய காலாட்படையினரில் 1,452 பேர் ராஸை எறிந்துவிட்டு, விழுந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எந்த ஆய்வுக்குழு அறிக்கையும் இந்த ஒரு எண்ணுக்கு ஈடாகாது.

காரணம் ஒன்றல்ல. இறுக்கமான சேம்பர் நேர்த்தியாகச் செய்த கனடியத் தோட்டாவை ஏற்றுக்கொண்டது. அவசரத்தில் செய்த பிரிட்டிஷ் தோட்டா, அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்ததால் சிக்கியது. போல்ட்டின் பூட்டு, பீரங்கியில் உள்ளதுபோல் திருகு மரை வைத்தது. போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போதெல்லாம் ஒரு மரையின் முனை சின்ன நிறுத்துக்கட்டையில் இடித்து நசுங்கியது; நசுங்கிய மரை அடுத்த முறை பூட்டாது, பூட்டினால் திறக்காது. அதைவிடப் பயங்கரம், சுத்தம் செய்யக் கழற்றிய போல்ட்டைத் தவறாகச் சேர்த்தாலும் உள்ளே போய்விடும். அப்படிச் சேர்த்தால் பூட்டாமலே சுடும், போல்ட் சுடுபவரின் முகத்துக்கே திரும்பும். பின்னாளில் ஒரு ரிவெட் அடித்து இதைத் தடுத்தார்கள். இருட்டில், சேற்றில், தூக்கக் கலக்கத்தில் துடைக்கும் ஆளின் கையில் இப்படி ஒன்றைக் கொடுத்தது மன்னிக்க முடியாத வடிவமைப்பு.

ராஸை விடாப்பிடியாக ஆதரித்தவர் கனடாவின் படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ். 1916-ல் கனடியப் படை முழுவதும் லீ-என்ஃபீல்டுக்கு மாறியது; அதே நவம்பரில் அவர் பதவியும் போயிற்று. ஆனால் ஸ்னைப்பர்கள் பலர் ராஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தோட்டாவையும் துடைத்து, நிதானமாக ஒரே ஒரு குண்டு சுடுபவருக்கு அது அருமையான கருவி. ஒஜிப்வே என்ற கனடியப் பூர்வகுடியைச் சேர்ந்த பிரான்சிஸ் பெகமகாபோ அதைக் கொண்டு 378 பேரை வீழ்த்தியதாகச் சொல்லப்படுகிறது.

லீ-என்ஃபீல்டின் சேம்பர் தாராளமானது. மண்ணும் அழுக்கும் சேர்ந்தாலும் தோட்டா உள்ளே போகும், கூடு வெளியே வரும். பூட்டுப் புடைப்புகள் பின்னால் இருப்பதால் துடைப்பதும் எளிது. அதற்கான விலை, கூடு நீண்டுவிடும். இன்று தோட்டாவைத் தாங்களே மறுபடி நிரப்புபவர்கள் இதைச் சொல்லிப் புலம்புவார்கள், சிப்பாய்க்கு அந்தக் கவலை இல்லை. அதன் உண்மையான தொல்லை விளிம்பு வைத்த தோட்டா: மேல் தோட்டாவின் விளிம்பு கீழ் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அந்த நொடியில் எதுவும் ஓடாது.

பேட்டர்ன் 14-க்குச் சேற்றில் பெரிய கெட்ட பெயர் இல்லை. பெரிய சோதனையும் இல்லை. 1916-ல் அது கப்பலேறி வரத் தொடங்கியபோது லீ-என்ஃபீல்ட் உற்பத்தி சூடு பிடித்திருந்தது. 12 லட்சத்துக்கு மேல் செய்தும் பெரும்பாலானவை பயிற்சிக்கும் இருப்புக்குமே போயின. மூன்று ஆலைகளின் உதிரிபாகங்களும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தவில்லை என்பது கூடுதல் தலைவலி. அதன் அமெரிக்க உருவம்தான் உண்மையில் போரைப் பார்த்தது. 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அதே ஆலைகள் தங்கள் தோட்டாவுக்கு மாற்றி 20 லட்சத்துக்கு மேல் செய்தன. பிரான்ஸில் அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது அவர்களுடைய சொந்த ரைஃபிளான ஸ்பிரிங்ஃபீல்ட் அல்ல, இந்த எம்1917. கிரீன்லாந்தில் டென்மார்க்கின் சிரியஸ் ரோந்துப் படை பனிக்கரடிக்கு முன்னெச்சரிக்கையாக நெடுங்காலம் தூக்கிச் சென்றதும் இதையே.

யாருக்கு எது? ஸ்னைப்பருக்குப் பேட்டர்ன் 14. ராஸ் அதைவிடத் துல்லியம் என்றாலும் அந்தப் போல்ட்டை நான் நம்பமாட்டேன். ஆறு வாரப் பயிற்சியோடு பதுங்குகுழிக்குப் போகிறவருக்கு லீ-என்ஃபீல்ட், யோசிக்கவே வேண்டாம். கண்காட்சிக்கு ராஸ்.

பிரிட்டனும் ஏறக்குறைய இப்படித்தான் கணக்குப் போட்டது. 1939-ல் ஏற்ற நம்பர் 4 ரைஃபிளில் லீயின் போல்ட்டும் பத்து தோட்டா மேகசினும் அப்படியே இருந்தன. குழல் தடித்தது, பின் சைட் ரிசீவர் மேல் போய்த் துளையாக மாறியது. தோற்ற ரைஃபிளின் கண் ஜெயித்த ரைஃபிளுக்கு வந்துவிட்டது. கனடாவும் இந்த முறை தன் லாங் பிராஞ்ச் ஆலையில் நம்பர் 4-ஐயே செய்தது.

வங்காளத்தின் இஷாப்பூர் ஆலை மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. நம் போலீஸ்காரர்கள் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்வது பெரும்பாலும் அங்கே செய்த பழைய மார்க் 3 வகையைத்தான். 1962 சீனப் போருக்குப் பிறகு அதே வடிவத்தை வலுவான எஃகில், 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 என்று செய்தார்கள். தோட்டா நவீனம், மேகசினில் 12, எல்லாம் சரி. பின் சைட் மட்டும் குழலின் நடுவில், அதே திறந்த வெட்டாகவே இருந்தது. அறுபதுகளில் புதிதாகச் செய்த ரைஃபிளில் அதை மாற்றாமல் விட்டது ஏன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.