பேனா பிரஷர் வேலை செய்யவில்லையா? கிரிட்டாவைத் திறந்து பாருங்கள்

சனி, ஞாயிறுகளில் என்னிடம் டிஜிட்டல் ஓவியம் படிக்க வருகிற பிள்ளைகள் கொண்டுவரும் புகார்களில் முக்கால்வாசி ஒன்றேதான்: "மிஸ், பிரஷர் வர மாட்டேங்கு." பாளையங்கோட்டைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். கணினியோடு இணைக்கும் டேப்லெட் என்ற வரைபலகையில் பேனாவை லேசாக வைத்தாலும், நன்றாக அழுத்தினாலும் ஒரே தடிமனில் கோடு விழும். யானையின் தும்பிக்கையை வரைந்தால் ரப்பர் குழாய் போல இருக்கும். தலைப்பு எழுத்தில் ‘ழ’வின் கடைசிச் சுழிப்பு மெலிந்து முடிய வேண்டிய இடத்தில் மொட்டையாக நிற்கும்.

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். நிப்பு பேனாவை மையில் தொட்டு வரைந்து பழகிய கை. கோட்டுக்கு உயிர் கொடுப்பதே அதன் தடிமன் ஏறி இறங்குவதுதான் என்று முழுமையாக நம்புகிறவள். அதனால் பிரஷர் போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் என்னால் சும்மா விட முடியாது. இந்தச் சிக்கலுக்காக மட்டுமே கிரிட்டா என்ற மென்பொருளைப் பற்றி எழுதுகிறேன். அதில் படம் வரைவது எப்படியிருக்கிறது என்பது வேறு விஷயம். நீங்கள் போட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ வேறு எதிலோ வரைந்தாலும், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க கிரிட்டாவை இன்ஸ்டால் செய்து வைத்துக்கொள்வது நல்லது என்பதுதான் என் கருத்து. கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்திலிருந்து வந்தது. அதன் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

பிரஷர் வரவில்லை என்றதும் எல்லோரும் சந்தேகப்படுவது பேனாவைத்தான். கடைக்காரர்களும் அதையே சொல்லிவிடுகிறார்கள். என்னிடம் படிக்கும் பிளஸ் ஒன் பையன் ஒருவனிடம், டேப்லெட் விற்ற கடையில் பேனாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "பேனா போயிருச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புதுப் பேனாவின் விலை அந்த டேப்லெட்டின் விலையில் பாதிக்குப் பக்கம். அவன் அப்பா யோசித்ததில் நியாயம் இருக்கிறது. உண்மையில் நிப்பிலிருந்து திரையில் விழும் கோடு வரை அந்த அழுத்தம் பல கை மாறி வருகிறது. பேனா டேப்லெட்டிடம் சொல்ல வேண்டும், டேப்லெட் டிரைவரிடம் (டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் சின்ன மென்பொருள்), டிரைவர் விண்டோஸிடம், விண்டோஸ் மென்பொருளிடம், மென்பொருள் பிரஷ்ஷிடம். இதில் யார் வாய் திறக்காமல் போனாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான், தட்டையான கோடு. கிரிட்டாவின் சிறப்பு, இந்த வரிசையில் எந்த இடத்தில் செய்தி நின்றுபோனது என்பதைக் கண்ணால் பார்க்க விடுவது.

அந்தப் பையனின் லேப்டாப்பிலேயே இதைச் செய்து பார்த்தோம். மேலே செட்டிங்ஸ் மெனு, அதற்குள் கன்ஃபிகர் கிரிட்டா, இடதுபக்க வரிசையில் டேப்லெட் செட்டிங்ஸ். அங்கே டேப்லெட் டெஸ்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். ஒரு பக்கம் கிறுக்க இடம், மறுபக்கம் நீங்கள் கிறுக்கும்போதே ஓடும் எழுத்து வரிகள். ஒவ்வொரு வரியிலும் வந்தது மவுஸா ஸ்டைலஸா (அதாவது பேனாவா), பேனா எந்த இடத்தில் இருக்கிறது என்பதோடு, ‘பி’ என்று போட்டு ஒரு சதவீதமும் இருக்கும். அந்தச் சதவீதம்தான் பிரஷர்.

அவன் கிறுக்கியதும் வரி வரியாக ஓடியது. எல்லாமே மவுஸ் என்றுதான் வந்தது, ஒன்றுகூட ஸ்டைலஸ் இல்லை. அதாவது கணினிக்கு அங்கே பேனா இருப்பதே தெரியவில்லை, ஏதோ மவுஸ் நகர்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மவுஸுக்கு ஏது பிரஷர்? பேனா மேல் குற்றம் சொல்வதற்கு முன்பு பார்க்க வேண்டிய இடம் டிரைவர் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

விண்டோஸில் பேனாவின் செய்தி மென்பொருளுக்கு வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வின்டேப், தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இருக்கும் பழைய வழி. இன்னொன்று விண்டோஸ் இங்க், மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வழி. டிரைவர் ஒரு வழியில் அனுப்ப, மென்பொருள் இன்னொரு வழியில் காத்துக்கொண்டிருந்தால் பேனா மவுஸாகிவிடும். 2017இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து கிரிட்டா இரண்டையும் ஏற்கிறது. அதே டேப்லெட் செட்டிங்ஸ் பக்கத்திலேயே எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். மாற்றிவிட்டு கிரிட்டாவை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே வேலை முடிந்துவிடும்.

அந்தப் பையனுக்கு முடியவில்லை. அவன் லேப்டாப்பில் முன்பு வைத்திருந்த வேறொரு கம்பெனி டேப்லெட்டின் டிரைவரும் அப்படியே கிடந்தது. வின்டேப் வழியில் பேசும் டிரைவர்கள் எல்லாமே விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டரில் ஒரே பெயரில் ஒரு டிஎல்எல் ஃபைலைப் போட்டு வைக்கும். இரண்டு கம்பெனி டிரைவர்கள் இருந்தால் ஒன்றின் ஃபைலில் இன்னொன்று உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்து, இப்போது கையில் இருக்கும் டேப்லெட்டின் டிரைவரை மட்டும் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிப் போட்டோம். டெஸ்டரில் மறுபடி கிறுக்கினான். ஸ்டைலஸ், ஸ்டைலஸ், ஸ்டைலஸ். ‘பி’ சதவீதம் நான்கு, பதினொன்று, முப்பது என்று ஏறி, கையைத் தூக்கும்போது இறங்கியது. புதுப் பேனாவுக்கு வேலை இல்லாமல் போனது.

டெஸ்டரில் வரும் மற்ற விடைகளையும் படிக்கப் பழகிக்கொள்ளலாம். ஸ்டைலஸ் என்று வருகிறது, சதவீதமும் அழகாக ஏறி இறங்குகிறது, ஆனால் கேன்வாஸில் கோடு மட்டும் தட்டை என்றால் டிரைவரைத் தொடவே தொடாதீர்கள். கோளாறு பிரஷ்ஷில் இருக்கிறது. சில பிரஷ்கள் பிரஷருக்கு அசையாதபடிதான் செய்யப்பட்டிருக்கும். எஃப்5 அழுத்தினால் பிரஷ் எடிட்டர் வரும். அதில் சைஸ், ஒபாசிட்டி, ஃப்ளோ என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக பிரஷர் டிக் இருக்கும். சைஸுக்கு டிக் இல்லாவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் கோடு தடிக்காது. மேல் பட்டையில் பேனா பிரஷரை மொத்தமாக அணைக்கும் ஒரு பொத்தானும் உண்டு. தெரியாமல் கை பட்டு அது அணைந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சதவீதம் அறுபதுக்கு மேல் ஏறவே இல்லை, அல்லது தொட்டவுடனே தொண்ணூறுக்குத் தாவுகிறது என்றால் அது கர்வ் விஷயம். டேப்லெட் செட்டிங்ஸ் பக்கத்தில் இன்புட் பிரஷர் கர்வ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதற்குள் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சாய்கோடு. நடுவில் பிடித்து மேலே வளைத்தால் லேசான தொடுகைக்கே கோடு தடிக்கும். கீழே வளைத்தால் நன்றாக அழுத்தினால்தான் தடிக்கும். சிறு பிள்ளைகளுக்கு மேலே வளைத்துக் கொடுப்பேன், அவர்கள் கையில் அவ்வளவு பலம் இருக்காது. என்னுடையது சற்றே கீழ்நோக்கி வளைந்தது. நிப்பு பேனாவில் பழகியதால் மெல்லிய கோடு எனக்கு நீளமாக வேண்டும், தடிமன் கடைசியில் வந்தால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: டிரைவரிலும் இதே மாதிரி ஒரு கர்வ் இருக்கும். இரண்டையும் வளைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எதை மாற்றினால் என்ன ஆகிறது என்றே புரியாது. டிரைவரில் இருப்பதை நேர்கோடாக விட்டுவிட்டு கிரிட்டாவில் மட்டும் வளைப்பது என் வழக்கம்.

பேனாவே கெட்டுப்போவதும் உண்டுதான். பேனாவைப் பலகையில் படாமல் காற்றில் பிடிக்கும்போதே கோடு விழுகிறது, அல்லது சதவீதம் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் நிப்பைப் பாருங்கள். இன்றைய டேப்லெட் பேனாக்களில் பெரும்பாலானவற்றில் பேட்டரி கிடையாது. பலகைக்கு அடியில் இருக்கும் கம்பி வலை விடும் மின்காந்த அலையை பேனாவுக்குள் இருக்கும் சுருள் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. நிப் மயிரிழை அளவு உள்ளே போய் வந்தால்தான் அழுத்தம் பதிவாகும். அந்த மயிரிழை இடத்தில் தூசியோ பிசிரோ அடைத்துக்கொண்டால் நிப் உள்ளேயே நின்றுவிடும். டேப்லெட்டோடு வரும் சின்ன வளையத்தால் நிப்பைக் கவ்வி நேராக இழுத்து, துடைத்து, திரும்பச் செருகிப் பாருங்கள். தேய்ந்து ஒரு பக்கம் உளி போலச் சரிந்த நிப்பை யோசிக்காமல் மாற்றுங்கள், அது பலகையையும் கீறும். பேனாவை நிப் கீழே இருக்கும்படி பையில் திணித்துக்கொண்டு போகாதீர்கள் என்று பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வேன்.

டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 2048, 8192, 16384 என்ற பிரஷர் எண்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். என் கைக்கு 2048க்கும் 8192க்கும் கோட்டில் வித்தியாசம் தெரியவில்லை. இருபது பிக்சல் தடிமன் பிரஷ்ஷில் அத்தனை படிகள் எங்கே போய் நிற்கும்? நிப் எவ்வளவு லேசான தொடுகையில் விழித்துக்கொள்கிறது என்பதும், டிரைவர் ஒழுங்காக இருக்கிறதா என்பதும்தான் முக்கியம். இரண்டையும் பெட்டியில் அச்சடிக்க மாட்டார்கள்.

மற்ற மென்பொருள்களில் வரைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரிட்டா டெஸ்டரில் எல்லாம் சரியாக வந்தால் பேனாவும் டிரைவரும் நலம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு உங்கள் மென்பொருளில் மட்டும் தேடினால் போதும். ஜிம்ப் 2.10இல் எடிட் மெனுவில் இன்புட் டிவைசஸ் போய், டேப்லெட்டின் மோடு டிஸேபிள்டு என்று இருந்தால் ஸ்கிரீன் என்று மாற்ற வேண்டும். அப்புறம் டூல் ஆப்ஷன்ஸில் பிரஷர் சேர்ந்த ஒரு டைனமிக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டோஷாப் விண்டோஸ் இங்க் வழியைத்தான் எதிர்பார்க்கும். டிரைவரில் விண்டோஸ் இங்க்கை அணைத்து வைத்திருந்தால் பிரஷர் போய்விடும். மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிரைவர் சாதாரணமாக ஓடினாலும் இதே கதை. மேக்கில் என்றால் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் அக்ஸசிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கோடு தொடங்கும் இடத்தில் ஒரு வட்டம் சுழன்று பிரஷர் தாமதமாக வருகிறதா? அது விண்டோஸின் அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்ற வசதி. கன்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் போய் அணைத்துவிடுங்கள்.

கிரிட்டாவில் எனக்குக் குறைகளும் உண்டு. இவ்வளவு உபயோகமான டெஸ்டரை செட்டிங்ஸுக்குள் அத்தனை ஆழத்தில் வைத்திருப்பது ஒன்று. புதிதாக வருகிற பிள்ளை அதைத் தானாகக் கண்டுபிடிக்கவே மாட்டாள். வின்டேப், விண்டோஸ் இங்க் தேர்விலும் பெயர்களை மட்டும் பார்த்து, எதைத் தொட வேண்டும் என்று அவளுக்கு விளங்காது. இரண்டாவது, கிரிட்டா மெமரியைக் கேட்கும். ஏ3 அளவில் 300 டிபிஐ கேன்வாஸ் என்றால் 3508க்கு 4961 பிக்சல். முழுக்க வண்ணம் நிரம்பிய ஒரு லேயருக்கே சுமார் 70 எம்பி போய்விடும். நான்கு ஜிபி ரேம் லேப்டாப்பில் லேயர்கள் ஏறினால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். அதையும் பிரஷர் கோளாறு என்று நினைத்துக் கர்வைக் குடைகிறவர்கள் இருக்கிறார்கள். டெஸ்டரில் சதவீதம் சரியாக வந்தால் அது கணினியின் வேகம்தான். வியூ மெனுவில் இன்ஸ்டன்ட் பிரிவியூவைப் போட்டுவிட்டு வரைந்து பாருங்கள், பெரிய பிரஷ்களில் நன்றாகவே உதவும். ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை, கிரிட்டா அதில் வராது. ஆண்ட்ராய்டில் பெரிய திரை டேப்லெட்டுகளுக்குக் கிடைக்கிறது.

அந்தப் பிளஸ் ஒன் பையன் இப்போது கிரிட்டாவிலேயே வரைகிறான். டெஸ்டருக்காகப் போட்டது, இங்க் பிரஷ்கள் பிடித்துப்போய் அப்படியே தங்கிவிட்டது. ஸ்டீமிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் காசு கொடுத்து வாங்கும் கிரிட்டாவும் உண்டு. அதே மென்பொருள்தான், கொடுக்கும் பணம் அதை உருவாக்குகிறவர்களின் வேலைக்குப் போகிறது. படிக்கிற பிள்ளைகள் தளத்திலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள். படம் வரைந்து சம்பாதிக்கிறவர்கள் அந்தக் காசைக் கொடுத்து வாங்குங்கள்.