‘உட்கார்ந்தபடியே நடக்கலாம்’ என்று விற்றார்கள், என் கால் பலம் போனது

போன ஞாயிறு நான் நடக்கும் பூங்கா வாசலில் மறுபடியும் அந்த மேசையைப் பார்த்தேன். ‘இலவச எலும்புப் பரிசோதனை’ என்ற பலகை, வெள்ளைக் கோட்டு, வரிசையில் என் வயதுக்காரர்கள். நின்று இரண்டு பேரிடம் என் கதையைச் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 71 வயது. ஓய்வு பெற்றதிலிருந்து தினமும் நாற்பது நிமிடம் நடந்து வந்தேன். முழங்காலில் லேசான வலி உண்டு, அவ்வளவுதான். அந்த மேசையில் குதிகாலை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். சிவப்புக் கோடு போட்ட தாள் ஒன்று வந்தது. “ஐயா, எலும்பு சல்லடையா இருக்கு. இனிமே நடந்தா முட்டி தேஞ்சிடும், விழுந்தா இடுப்பு போயிடும்” என்றார் கோட்டு போட்டவர். இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்த என் அண்ணன், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. நான் பயந்ததைப் பார்த்ததும் மேசைக்கு அடியிலிருந்து கால் அதிர்வு இயந்திரத்தை எடுத்தார். அதில் இருபது நிமிடம் காலை வைத்தால் ஒரு மணி நேரம் நடந்ததற்குச் சமமாம். இன்றைக்கு மட்டும்தான் பாதி விலையாம். யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டேன்.

அன்றோடு நடையை நிறுத்தினேன். கால் குறுகுறுக்கும்போது ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று நம்பினேன். மூன்றாம் மாதம் படியேறக் கைப்பிடி தேவைப்பட்டது. நான்காம் மாதம் குளியலறை வாசலில் தடுமாறி, சுவரைப் பிடித்துத் தப்பித்தேன். அன்றே மகள் மருத்துவரிடம் அழைத்துப் போனாள்.

அவர் முதலில் செய்த சோதனைக்கு இயந்திரமே இல்லை. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். எனக்கு 7 வந்தது. என் வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே விழும் அபாயம் கூடுதல் என்றார். பிறகு இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணான டி-ஸ்கோர், எனக்கு மைனஸ் 1.6. மைனஸ் 2.5-க்கோ அதற்குக் கீழோ போனால்தான் எலும்புப்புரை, அதாவது எலும்பு எளிதில் முறியும் நோய். என்னுடையது லேசான தேய்மானம் மட்டும். குதிகாலில் எடுப்பதை வைத்து நோயை உறுதி செய்யவே முடியாதாம்.

எந்த எலும்புக்காக நடையை விட்டேனோ, அந்த எலும்புக்கே உடல் எடையைத் தாங்கி நடக்கும் வேலை வேண்டியிருந்தது என்பதைக் கேட்டபோதுதான் மனம் ஆறவில்லை. தசையும் அப்படியே, சுமையைத் தள்ளி உழைத்தால்தான் பலப்படும், இயந்திரம் ஆட்டிவிட்டால் போதாது. மூட்டுக் குருத்தெலும்புக்குத் தனி ரத்த ஓட்டம் கிடையாது, அசைவில்தான் ஊட்டம் பெறுகிறது. முட்டி தேயும் என்று பயந்து நடையை நிறுத்தியது இன்னொரு தவறு.

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம் என்றார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் மருத்துவரா என்று கேட்டேன். “ஆலோசகர்” என்றார்கள்.

இப்படி யாராவது உங்களை உட்காரவைத்தால், மருத்துவராகப் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். தாளை வாங்கிக்கொண்டு, பணம் கட்டாமல் உங்கள் மருத்துவரிடம் போங்கள். விற்பவர் பேச்சைக் கேட்டு மட்டும் நடையை நிறுத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம், இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி என்றுதான் சொல்கிறது. முடியாதவர்கள் முடிந்த அளவு செய்யலாம்.

எனக்கு பிசியோதெரபிஸ்ட் கொடுத்தது எளிய பயிற்சிகள்தான்: நாற்காலியில் எழுந்து உட்காருவது, குதிகாலை உயர்த்துவது, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது. பத்து வாரமாகிறது. நேற்று எண்ணினேன், 10 வந்தது.