டிவிடி பிளேயருக்கு வீடியோ மாற்றக் கடைக்குப் போகிறவர்கள் கவனம்: என் 3,800 ரூபாய் போச்சு

இன்று மதியம்தான் அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்தார். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், வார்த்தை கொஞ்சம் தடிக்கலாம். பென் டிரைவில் இருக்கும் வீடியோவைப் பழைய டிவிடி பிளேயரில் ஓடும்படி மாற்ற நினைப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெரியப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. வீடியோ எடுத்தவர் ஆல்பத்தோடு ஒரு பென் டிரைவ் கொடுத்தார். உள்ளே நாலரை மணி நேரம், எல்லாம் எம்பி4. செல்போனிலும் லேப்டாப்பிலும் அருமையாக ஓடுகிறது. ஆனால் பெரியம்மா வீட்டில் இருப்பது பிக்சர் டியூப் டிவி, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர் போட்ட டிவிடி பிளேயர். யூஎஸ்பி கிடையாது. புது டிவி வாங்கித் தருகிறோம் என்றால் கேட்கமாட்டார், அந்த ரிமோட்தான் அவருக்குக் கைவந்தது. அத்தை வீட்டிலும் சித்தி வீட்டிலும் இதே கதைதான். சரி, நான்கு செட் டிஸ்க்காகவே போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

திருச்சியில் ஒரு கலர் லேப். பாஸ்போர்ட் போட்டோ, லேமினேஷன், பழைய கல்யாண கேசட்டை டிஜிட்டலாக்குவது எல்லாம் செய்கிற வகைக் கடை. பெயரை இப்போது போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன்.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பிளேயர் எத்தனை வருஷம் சார் இருக்கும்?" என்று டாக்டர் மாதிரி கேட்டார். அப்புறம் ஷெல்ஃபிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, கவுண்டர் ஓரத்தில் இருந்த ஒரு பழைய பிளேயரில் போட்டார். யாரோ வீட்டுக் காதுகுத்து. முதலில் மெனு, பின்னணியில் நாதஸ்வரம், ரிமோட்டை அழுத்தினால் நேராகக் காது குத்தும் இடத்துக்கே போகிறது. "இதே மாதிரிதான் சார் உங்களுக்கும். ஒரு செட்டுக்கு மூணு டிஸ்க், செட் 950." அதைப் பார்த்துவிட்டு யார்தான் நம்பமாட்டார்கள்? நான்கு செட், 3,800 ரூபாய். ஜிபேயில் அங்கேயே அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு போட்டோ கவரின் பின்னால் தொகையையும் தேதியையும் எழுதி, கடை சீல் குத்திக் கொடுத்தார்.

டிஸ்க் வந்தது. மேலே பெரியப்பா பெரியம்மா படம் பிரிண்ட் செய்து, பார்க்க ஜோராக இருந்தது. பிளேயரில் போட்டால் உள்ளே கரகரவென்று சுற்றிவிட்டு, திரையில் 'நோ டிஸ்க்'. மூன்றுக்கும் அதேதான். போன் செய்தேன். "லென்ஸ் வீக்கா இருக்கும் சார், க்ளீன் பண்ணிப் பாருங்க." அதே பிளேயரில் பெரியம்மாவின் பழைய படங்கள் எல்லாம் திக்காமல் ஓடுகின்றனவே என்றேன். "அப்போ டிஸ்க் பிராண்ட் அதுக்கு ஒத்துக்கல." நேரில் போனால் டிஸ்க்கைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டு, "ஓடுதே சார், பாருங்க" என்று திருப்பிக் காட்டுகிறார்.

கம்ப்யூட்டரில் ஓடாமல் என்ன செய்யும்? எம்பி4 ஃபைல்களை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்து வைத்திருக்கிறார்! பழைய பிளேயருக்கு எம்பி4 என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கு வீடியோ எம்பெக்-2 என்ற டிவிடி வகைக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும், நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் 720x576 அளவில். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் திறந்தால் 'வீடியோ_டிஎஸ்' (VIDEO_TS) என்று ஒரு ஃபோல்டரும் அதற்குள் விஓபி, ஐஎஃப்ஓ ஃபைல்களும் இருக்க வேண்டும். முன்பக்கம் டிவ்எக்ஸ் முத்திரை போட்ட பிளேயர்கள் சில ஏவிஐ ஃபைல்களையும் எடுக்கும், அதுவும் எல்லாவற்றையும் இல்லை. இதெல்லாம் அந்த ஆளுக்குத் தெரியாமலா காதுகுத்து டிஸ்க் அப்படி ஓடியது?

சண்டை போட்ட பிறகு "மாத்தித் தரோம்" என்றார். இரண்டாவது தடவை வந்தது இதைவிடக் கொடுமை. செட்டுக்கு மூன்று டிஸ்க் என்றவர், நாலரை மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் திணித்துக் கொடுத்தார். 4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் போட்டால் படம் சுமாராக நன்றாகவே இருக்கும். அதற்கு இருமடங்குக்கு மேல் அடைத்தால்? ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்வரை பரவாயில்லை. கலசத் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்ததும் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது. தண்ணீர் எது, தலை எது என்று தெரியவில்லை. அகலப் படத்தைப் பழைய டிவி அளவுக்கு நசுக்கியதில் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாக நிற்கிறார்கள். போதாததற்கு, காசு கட்டாத ட்ரையல் சாஃப்ட்வேரில் மாற்றியிருக்கிறார்கள், அதன் பெயர் படத்தின் நடுவில் ஆரம்பம் முதல் முடிவு வரை நிற்கிறது. பெரியம்மா கேட்டார்: "ஏன்டா தம்பி, உங்க பெரியப்பா மூஞ்சில என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்கே, அழிக்க முடியாதா?"

இதற்கு 3,800 ரூபாய்!

அதன்பிறகு ஆரம்பித்தது இழுத்தடிப்பு. சிஸ்டம் பார்க்கிற பையன் லீவு. அப்புறம் கரண்ட் இல்லை. அப்புறம் "நீங்க குடுத்த ஃபைல்லதான் பிராப்ளம்." கடைசியில், "ஓனர் வந்ததும் அவர்கிட்ட பேசிக்குங்க." என் ஜிபேயில் பணம் வாங்கியவர் பெயர் இருக்கிறது, கடை போர்டில் புரொப்ரைட்டர் என்று இருப்பதும் அதே பெயர். என் எதிரில் நின்று ஓனர் ஊரில் இல்லை என்று சொன்னது சாட்சாத் ஓனரே. அதைச் சொல்லிக் கேட்டதும் சிரிக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "டிஸ்க் போட்ட காசு, பிரிண்ட் போட்ட காசு யாரு தருவா?" இன்று வாட்ஸ்அப்பில் அந்தக் கவரின் படத்தை அனுப்பி, 3,800 ரூபாயைத் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று எழுதினேன். நீல டிக் வந்தது. உடனே பிளாக்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. ஆபீஸில் கூட வேலை செய்யும் தம்பி ஒருவர் நடந்ததைக் கேட்டுவிட்டு, டிவிடி ஸ்டைலர் என்ற இலவச சாஃப்ட்வேரில் போட்டு, இரவு முழுக்க லேப்டாப்பை ஓடவிட்டு ஒரு செட் செய்து கொடுத்தார். மெனு உண்டு, முகத்தில் எழுத்து இல்லை, பெரியம்மா பிளேயரில் முதல் தடவையே ஓடியது. வெற்று டிஸ்க் செலவு மட்டும்தான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: கடைக்காரர் போட்டுக் காட்டும் வேறு யாருடைய டிஸ்க்கையும் நம்பாதீர்கள். உங்கள் வீடியோவில் ஐந்து நிமிடத்தை மாற்றித் தரச்சொல்லி, உங்கள் வீட்டு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் முழுப்பணம் கொடுக்காதீர்கள். ஒரு டிஸ்க்கில் எத்தனை மணி நேரம் போடுவார்கள் என்று எழுதி வாங்குங்கள். பென் டிரைவைக் காப்பி எடுத்து வைக்காமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நாளை காலை முதல் வேலை அதில் புகார். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட ஆணையம்தான், 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. கடை பெயரைக் கேட்டு யாரும் மெசேஜ் போட வேண்டாம், இப்போதைக்குச் சொல்லமாட்டேன். திருச்சியில் இதே மாதிரி கலர் லேபில் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் பில், ஜிபே ரசீது, ஓடாத டிஸ்க் எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.